மரேகே கரையும் மக்காசர் மாலுமிகளும்

 

இவ்வாண்டு மலருக்காகக் கட்டுரைகள் திரட்டப்பட்ட வேளையில் நமதூர் இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே" என்பது அதன் தலைப்பு. "ஹஜ்ரத், இதை மலரில் சேர்க்கலாமா?" என்று ஆவலுடன் கேட்டார். படித்துப் பார்த்தோம். அதில் உண்மை ஒரு பங்கும் மிகை மூன்று பங்குமாக இருந்தன. "தம்பி, இதிலுள்ள உண்மையை மட்டும் நாமே எழுதித் தருகிறோம்" என்று கூறி அனுப்பினோம். அந்த வாக்கை நிறைவேற்றவே இக்கட்டுரை.

முதலில் "கண்டுபிடித்தல்" என்னும் சொல்லையே நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலிய மண்ணில் மனிதர் வாழத் தொடங்கி ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் ஆகின்றன. குடியிருக்கும் வீட்டிற்குள் நுழைந்த ஒருவர், "இவ்வீட்டை நானே கண்டுபிடித்தேன்" என்றால் வீட்டார் என்ன சொல்வர்? அப்படிச் சொல்பவர் ஆங்கிலேயராயினும் முஸ்லிமாயினும் சொல்லின் பிழை ஒன்றே. பிறர் வீட்டு வாயிலில் நின்று அனுமதி கேட்பதை இஸ்திஃதான் என்று மக்தபில் நம் சிறுவர்களுக்குக் கற்பிக்கிறோம். ஆகவே யார் முதலில் வந்தார் என்பதை விடுத்து, வந்தவர் கேட்டு நுழைந்தாரா, கேளாமல் புகுந்தாரா என்பதையே இங்கு ஆராய்வோம்.

கடலட்டை தேடிய கலங்கள்

ஆஸ்திரேலியாவின் வடகரையில் ஆர்னெம்லாந்து என்றொரு பெருநிலப் பகுதி உள்ளது. அப்பெயர்கூட அந்நாட்டார் வைத்ததன்று. 1623-ஆம் ஆண்டில் அக்கரையோரம் வந்த ஒல்லாந்துக் கம்பெனியின் கப்பல் ஒன்றின் பெயரே அது. அப்பகுதியின் வடகிழக்கில் யோல்ங்கு என்னும் பூர்வகுடி மக்கள் பல குலங்களாக வாழ்கின்றனர். ஒவ்வொரு குலத்திற்கும் இன்ன நிலம், இன்ன கடற்பரப்பு என்று வரையறை உண்டு. அவ்வுரிமை பாட்டிலும் ஓவியத்திலும் சடங்கிலும் பதிந்து தலைமுறை தோறும் கைமாறி வருவது.

அக்கரைக்கு மற்றொரு பெயரும் உண்டு. மரேகே என்பது அது. அவ்வாறு அழைத்தவர்கள் இன்றைய இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள மக்காசர் துறைமுகத்து மாலுமிகள். மக்காசரை ஆண்ட கோவா அரசின் மன்னர் 1605-ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவிச் சுல்தான் அலாவுத்தீன் எனப் பெயர் பெற்றார். இந்தக் கோவா நம் நாட்டுக் கோவா அன்று. அந்தத் துறைமுகம் எல்லா நாட்டு வணிகருக்கும் திறந்திருந்தது. நறுமணப் பொருள் வணிகம் தமக்கே உரியதாக வேண்டும் என்று விரும்பிய ஒல்லாந்தருக்கு அது பொறுக்கவில்லை. போர் தொடுத்து, 1667-இல் உடன்படிக்கை ஒன்றைத் திணித்து, 1669-இல் சுல்தானின் கோட்டையை வீழ்த்தினர். நமது பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் களம் அமைத்திருந்த அதே கம்பெனிதான் இது.

எனவே மரேகே கரைக்குச் சென்ற மாலுமிகள் எவ்வித ஆதிக்கத்தையும் அறியாதவர்கள் அல்லர். அவர்களே ஒரு பேரரசின் பிடிக்குள் அகப்பட்டவர்கள். அவர்கள் தேடிச் சென்ற சரக்கோ வேறொரு பேரரசின் விருந்து மேசைக்கானது. சீனத்தில் உணவாகவும் மருந்தாகவும் பெருவிலை பெற்ற கடலட்டையே அச்சரக்கு. நமது மன்னார் வளைகுடாக் கரையோர ஊர்களில் உள்ளோருக்குக் கடலட்டையை விளக்கத் தேவையில்லை. அதைக் குடல் நீக்கி அவித்து உலர்த்திச் சீனச் சந்தைக்கு அனுப்பும் தொழில் இங்கும் நெடுங்காலம் நடந்தது. இந்திய அரசு அதைப் பிடிக்க 2001-ஆம் ஆண்டில் தடை விதித்தது.

மக்காசரிலிருந்து மரேகே கரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவு. ஆண்டிறுதியில் வடமேற்குப் பருவக்காற்று எழும்போது பாய் விரித்துப் புறப்படுவர். ஆழமில்லாத கரைக்கடலில் கடலட்டை எடுத்து, கரையில் கல்லடுக்கிப் பெரிய கொப்பரைகளில் அவித்து, புகையூட்டி உலர்த்துவர். நான்கைந்து மாதங்களுக்குப் பின் தென்கிழக்குக் காற்று திரும்பியதும் ஊர் மீள்வர். அங்கே கோட்டை கட்டவில்லை, கொடி நாட்டி நிலத்தைத் தமதென்று சாற்றவுமில்லை. வந்த காற்று மாறினால் போயாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்போக்குவரத்து எப்போது தொடங்கியது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜுலிர்ரி என்னுமிடத்துப் பாறையில் பூர்வகுடிகள் தீட்டிய பாய்மரக்கல ஓவியம் ஒன்று உள்ளது. அதன்மேல் தேன்மெழுகால் வேறோர் உருவம் ஒட்டப்பட்டிருக்கிறது. அம்மெழுகைச் சோதித்ததில் 1664-ஆம் ஆண்டுக்கு முற்பட்டது எனத் தெரிந்தது. ஆகவே கீழிருக்கும் ஓவியம் அதனினும் பழையது. ஆண்டுதோறும் பெருந்தொகையாகக் கலங்கள் வரத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டில் என்பதே பலர் கருத்து.

1803-இல் ஒரு சந்திப்பு

ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரைபடம் தயாரித்த ஆங்கிலேயக் கப்பல் தலைவர் மாத்யூ பிளிண்டர்ஸ் 1803 பிப்ரவரியில் இக்கரையில் ஆறு மக்காசர்க் கலங்களைக் கண்டார். அவற்றின் தலைவர் பொபாசு என்னும் முதியவர். பிளிண்டர்சின் சமையற்காரர் மலாய் மொழி அறிந்தவராதலால் உரையாடல் நடந்தது. அம்முறை 60 கலங்களில் 1,000 பேர் வந்திருப்பதாகவும், தாம் 20 ஆண்டுகளில் ஆறேழு முறை வந்திருப்பதாகவும் பொபாசு கூறினார்.

அவர்கள் முஸ்லிம்கள் என்பதையும் பிளிண்டர்ஸ் குறித்துள்ளார். படகிலிருந்த பன்றிகளைக் கண்டு அருவருத்தனர் என்றும், ஆனால் மதுவை மறுக்கவில்லை, புறப்படும்போது ஒரு புட்டி கேட்டு வாங்கிச் சென்றனர் என்றும் எழுதுகிறார். நம் இளைஞர் கொடுத்த தாளில் முதற்செய்தி இருந்தது, இரண்டாவது இல்லை. வரலாறு எழுதுவோர் இரண்டையும் எழுத வேண்டும்.

இச்சந்திப்பில் நம் கவனத்திற்குரியது வேறொன்று. சிட்னித் துறைமுகத்தில் ஆங்கிலேயர் குடியேறி அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைப் பொபாசுவும் அவர் தோழர்களும் கேள்விப்பட்டதே இல்லை. அவர் மகன் அப்பெயரைப் புதிதாகக் கேட்டு ஏட்டில் குறித்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன்னரே, 1787-இல் முதல் ஆளுநருக்கு வழங்கப்பட்ட ஆணையில், 135 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே உள்ள நிலமெல்லாம் பிரிட்டிஷ் மன்னருக்குரியது என்று எழுதியாயிற்று. அந்தக் கோடு மரேகே கரையை நடுவே வெட்டிச் செல்கிறது. கரைக்கு உரிய யோல்ங்கு மக்களுக்கும் தெரியாது, ஆண்டுதோறும் அங்கு வந்து சென்றவர்களுக்கும் தெரியாது. இலண்டனில் ஒரு தாளில் கையொப்பமிட்டதால் அந்நிலம் கைமாறிவிட்டதாகக் கருதப்பட்டது.

கேட்டு வந்தவர்கள்

மக்காசர் மாலுமிகளின் வழக்கம் வேறு. கரைக்கு உரிய குலத்தாருக்குத் துணி, அரிசி, புகையிலை, கத்தி, கோடரி ஆகியவற்றைக் கொடுத்து, அவர்கள் கடலில் கடலட்டை எடுக்கவும் கரையில் தங்கவும் இசைவு பெற்றனர். யோல்ங்கு ஆடவர் சிலர் அவர்களுடன் வேலை செய்தனர், ஆமையோடும் முத்தும் கொடுத்துப் பண்டம் வாங்கினர். குடைந்து செய்யும் மரத்தோணியை அவர்களிடமிருந்து பெற்றனர். சிலர் கலமேறி மக்காசர் சென்று ஊர் பார்த்துத் திரும்பினர், சிலர் அங்கேயே தங்கினர். இரு தரப்பிலும் குடும்ப உறவுகள் உண்டாயின.

இத்தொடர்பின் சான்று யோல்ங்கு மொழியிலேயே இன்றும் வாழ்கிறது. பணத்திற்கு அவர்கள் சொல் "ருப்பியா". நம் ரூபாயும் அதுவும் ஒரே வேரின. வெள்ளையரை அவர்கள் "பலாந்தா" என்பர். ஒல்லாந்தர் என நாம் கூறுவதும் மலாய் மக்கள் பெலாந்தா எனக் கூறுவதும் அதுவே. ஆங்கிலேயர் அங்கு வந்து குடியேறும் முன்பே வெள்ளையரைக் குறிக்கும் சொல் மக்காசர் மாலுமிகளின் வாய்வழி வந்து சேர்ந்திருந்தது.

கலம் புறப்படுவதும் பாய் விரிவதும் யோல்ங்கு மக்களின் இறுதிச் சடங்குப் பாடல்களில் பிரிவின் அடையாளமாக அமைந்துள்ளன. மரணம் நேர்ந்த இடத்தில் கொடியேற்றும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. அச்சடங்குகளில் வரும் "வலிதவலித" என்னும் பெயர் "அல்லாஹு தஆலா" என்னும் ஒலியிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இதைக் கேட்கும்போது உள்ளம் நெகிழ்வது இயல்பே. ஆயினும் இவ்வொரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அம்மக்கள் அனைவரும் முஸ்லிம்களாயிருந்தனர் என்று எழுதுவது தகாது. அவர்கள் தம் முன்னோர் நெறியிலேயே இருந்தனர். விருந்தினர் ஓதியதன் ஓர் ஒலியைத் தம் பாடலில் வைத்துக் காத்தனர் என்பது மட்டுமே நாம் கூறத்தக்கது.

குறையையும் கூறுவோம்

இவ்வுறவு குற்றமற்றதாக இருந்தது என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். பொபாசுவே ஒருமுறை முழங்காலில் ஈட்டிக் காயம் பட்டவர். இக்கரை மக்களிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு அவர் பிளிண்டர்சிடம் கூறினார். பெண்களை முன்னிட்டும், பேசியபடி பொருள் கொடாமையாலும் சண்டைகள் நடந்தன. இரு பக்கமும் உயிர்கள் போயின. புகையிலையோடு சாராயமும் கரையிறங்கிற்று. வடகரையில் பரவிய பெரியம்மை இக்கலங்களின் வழியே வந்திருக்கக்கூடும் என்று கருதுவோர் உண்டு.

ஆயினும் ஒரு வேறுபாடு உள்ளது. தவறு நடந்த ஆண்டில் ஈட்டி பாய்ந்தது. மறு ஆண்டு வந்தவர் பேசிச் சமாதானம் செய்தாக வேண்டியிருந்தது. ஏனெனில் உரிமையாளர் யார் என்பதில் இரு தரப்பாருக்கும் ஐயமில்லை. கணக்குத் தீர்க்க அங்கே ஓர் ஆள் இருந்தார். பேரரசின் சட்டமோ அந்த ஆளே இல்லை என்றது.

கேளாது வந்தவர்கள்

மக்காசர் வணிகத்தின் இலாபத்தைக் கண்ட ஆங்கிலேயர் அதைத் தம் பக்கம் திருப்ப எண்ணினர். 1825-இல் தம் எல்லைக்கோட்டை மேற்கே 129 பாகைக்கு நகர்த்தினர். 1824-இல் மெல்வில் தீவிலும் 1827-இல் ராபிள்ஸ் விரிகுடாவிலும் 1838-இல் எசிங்டன் துறையிலும் கோட்டைகளும் குடியிருப்புகளும் அமைத்தனர். மற்றொரு சிங்கப்பூரை உருவாக்குவது அவர்கள் கனவு. மூன்றும் நிலைக்கவில்லை. கடைசியாக எசிங்டன் துறை 1849-இல் கைவிடப்பட்டது.

1863-இல் வடபகுதியின் ஆட்சி தென் ஆஸ்திரேலிய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1880-களில் அவ்வரசு மக்காசர்க் கலங்களுக்குச் சுங்கமும் உரிமக் கட்டணமும் விதித்தது. இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குங்கள். அதுவரை கரைக்கு உரியவரிடம் கொடுத்து வந்த விலையோடு, கரையைக் கண்ணால் காணாத அடிலெய்டு நகர அதிகாரிகளுக்கும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பணம் எவருடைய கடலுக்காகப் பெறப்பட்டதோ அவரிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

1901-இல் ஆஸ்திரேலியக் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வெள்ளையரல்லாதாருக்குக் கதவடைப்பதே அதன் நோக்கம். உள்ளூர் வெள்ளை வணிகரும் போட்டியை விரும்பவில்லை. 1906-இல் இனி மக்காசர்க் கலங்களுக்கு உரிமம் இல்லை என்று அரசு முடிவு செய்தது. உசிங் டாயெங் ரங்கா என்பவரின் கலமே 1907-இல் இறுதியாகத் திரும்பியது. அடுத்த பருவக்காற்று வந்தது, கலங்கள் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக இருந்த உறவு ஓர் அலுவலக ஆணையால் அறுந்தது. கடலின் இருபுறமும் இருந்த உறவினர் ஒருவர் முகம் ஒருவர் காணாமலே மறைந்தனர்.

மரப்பட்டையில் எழுதிய மனு

யோல்ங்கு மக்கள் வாளாவிருக்கவில்லை. 1963-இல் அவர்களது நிலத்தில் 300 சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பகுதியை அலுமினியத் தாதுவாகிய பாக்சைட் எடுக்க அரசு ஒதுக்கியது. உரியவரிடம் கேட்கவில்லை. யிர்க்கலா ஊரினர் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனு எழுதி, குல ஓவியங்கள் தீட்டிய மரப்பட்டைகளில் ஒட்டி, நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். அவர்களைப் பொறுத்தவரை அவ்வோவியமே நிலப்பத்திரம். விசாரணைக் குழு ஒன்று அமைந்தது, ஆயினும் சுரங்கம் நிற்கவில்லை.

பின்னர் நீதிமன்றம் சென்றனர். 1971-இல் வந்த தீர்ப்பு விந்தையானது. இம்மக்களிடம் நுட்பமான சட்டமுறை உண்டு என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆயினும் நிலத்துடன் அவர்களுக்குள்ள தொடர்பு சட்டம் ஏற்கும் சொத்துரிமை அன்று என்று கூறி வழக்கைத் தள்ளினார். அவ்வழக்கில் தம் பெரியவர்களுக்காக மொழிபெயர்த்தவர் கலர்வுய் யுனுபிங்கு என்னும் இளைஞர்.

தோல்வி வீண்போகவில்லை. 1976-இல் வடபகுதிக்கு நில உரிமைச் சட்டம் வந்தது. 1992-இல் மாபோ வழக்கில், ஆஸ்திரேலியா உரியவரற்ற நிலமாக இருந்தது என்ற கொள்கையை உயர் நீதிமன்றம் நிராகரித்தது. 2008 ஜூலையில் யோல்ங்கு மக்கள் தொடுத்த வழக்கில், பூர்வகுடி நிலத்தை அடுத்து அலையேறி இறங்கும் கடற்பரப்பில் மீன்பிடிக்க அந்நிலத்திற்கு உரியவரின் அனுமதி வேண்டும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்காசர் மாலுமிகள் இறங்கி நடந்ததும் அத்தகைய கரைக்கடலிலேதான். எழுதப் படிக்கத் தெரியாத மாலுமிகளும் அறிந்திருந்த ஒரு நியாயத்தை ஏற்கப் பேரரசின் சட்டத்திற்கு, 1788-இலிருந்து கணக்கிட்டால், 220 ஆண்டுகள் ஆயின.

யுனுபிங்கு முதுமையில் மீண்டும் வழக்குத் தொடுத்தார். தம் குலத்தின் நிலத்தைச் சுரங்கத்திற்கு எடுத்ததற்கு ஈடு கேட்டார். 2023 ஏப்ரலில் அவர் காலமானார். பூர்வகுடி உரிமையும் சொத்துரிமையே, நியாயமான ஈடின்றி நடுவணரசு அதைப் பறிக்க இயலாது என்னும் தீர்ப்பு 2025 மார்ச்சில் வந்தது. அதைக் கேட்க அவர் இல்லை, அவர் குலம் கேட்டது.

நாம் பெறும் படிப்பினை

1988-இல் ஆங்கிலேயர் வந்திறங்கிய 200-ஆம் ஆண்டு விழாவை ஆஸ்திரேலியா கொண்டாடியது. அவ்வாண்டு மக்காசரிலிருந்து பழைய முறையில் கட்டப்பட்ட பாய்மரக்கலம் ஒன்று மரேகே நோக்கிப் புறப்பட்டது. அதன் பெயர் "ஹத்தி மரேகே", மரேகேயின் இதயம் என்பது பொருள். கலிவின்கு கரையில் யோல்ங்கு மக்கள் அதை வரவேற்றனர். 81 ஆண்டுகள் கழிந்தும் அவர்கள் அவ்வுறவை மறக்கவில்லை.

மாலுமிகள் தங்கிய இடங்களை இன்றும் அடையாளம் காட்டுபவை புளிய மரங்கள். அவர்கள் சமையலுக்குக் கொண்டுசென்ற புளியின் விதைகள் விழுந்து முளைத்தவை அவை. புளிக்கு அரபியர் வைத்த பெயர் தமர் ஹிந்தீ, அதாவது இந்தியப் பேரீச்சை. நம் அடுப்படியில் அன்றாடம் புழங்கும் பொருளின் மரம் அத்தொலைதூரக் கரையில் நிழல் தருகிறது. அந்நிழலில் பூர்வகுடி மக்கள் அமர்கின்றனர். பழத்தையும் பயன்படுத்துகின்றனர்.

நம் இளைஞருக்கு நாம் கூற விரும்புவது இதுவே. முன்னோர் முதலில் சென்றனர் என்பதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. அது கேப்டன் குக்கின் பட்டத்தைப் பறித்து நம் தலையில் சூட்டுவதேயாகும். அவர்களிலும் நல்லோர் தீயோர் இருந்தனர். ஆனால் பிறர் கரையில் இறங்கும்போது அக்கரைக்கு உரியவர் ஒருவர் உண்டு என்று அவர்கள் ஏற்றனர். தவறிழைத்தபோதும் யாரிடம் தவறிழைத்தோம் என்பதை அறிந்திருந்தனர். போற்றத்தக்கது அதுவொன்றே.

அந்நியர் நிலம், அண்டை வீட்டார் வரப்பு, வக்ஃபு மனை, உடன்பிறந்தாளின் பங்கு ஆகியவற்றில் காலடி வைக்குமுன் உரியவரைக் கேட்கும் பண்பு நம்மிடம் உள்ளதா என்று இவ்வரலாற்றைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வோமாக. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்நற்பண்பை அருள்வானாக! ஆமீன்.